ஐந்து பட்டன்களும் ஒன்பதாம் பெட்டியும்

ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டன்காரர் என்றால் வாசல் காவலாளி முதல் சமையற்கட்டு வரைக்கும் தெரியும். சட்டைக்குப் பட்டன் தைப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் திரையில் பட்டன் வைப்பவர். பதிவறை எழுத்தர் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. பட்டன் வைப்பது அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது.

இன்ஜினியரா என்றால் அதுவும் இல்லை. ஆறு மாதப் படிப்பு ஒன்றில் நான்கு மாதம் போனவர். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்துகொடுத்துவிட்டுப் போன சாஃப்ட்வேர் ஆஸ்பத்திரியில் எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்த்தவர்கள் அவரைக் குறைத்துப் பேசமாட்டார்கள். ஒரு திரையில் நாற்பது கட்டம். எதை நிரப்ப வேண்டும், எதை விடலாம், எங்கே அமுக்கினால் வெளியே வரலாம் என்று ஒன்றும் புரியாது. சலவைக்கூடத்து அம்மா ஒருத்தி அதன் முன்னால் உட்கார்ந்து அழுதே விட்டாள். தங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் செய்து அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, அவர்களுக்குப் புரியவில்லை என்றால் அவர்களை மக்கு என்பது படித்தவர்களின் பழைய வழக்கம்.

பட்டன்காரர் அப்படிச் செய்யமாட்டார். யாருக்காகச் செய்கிறாரோ அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் சும்மா உட்காருவார். விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, தவறு வந்தால் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார். பிறகுதான் வீட்டில் போய்த் தன் பழைய கம்ப்யூட்டரில் ஒரு சின்ன டேட்டாபேஸ் செய்வார். திரையில் பெரிய பட்டன், பேச்சுத் தமிழில் பெயர், எந்தத் திரையில் இருந்தாலும் ஒரே அமுக்கில் முதல் பக்கத்துக்கு வர ஒரு வழி. துணிக் கணக்குக்கு ஒன்று, ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஒன்று, சாவிகளுக்கு ஒன்று என்று இப்படியே ஏழெட்டு ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் தற்காலிக ஊழியராக இருந்தவரை நிரந்தரம் ஆக்கியதும் இதற்காகத்தான்.

இந்தப் பித்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மனைவிக்கு மட்டும் தெரியும். பட்டன்காரரின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, ஏதோ ஒரு பரீட்சைக்கு அவர் வெளியூர் போயிருந்த அன்று, அம்மா தனியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனார். பதினான்கு ஜன்னல்கள். காலை முழுவதும் ஏழாம் ஜன்னலில் நின்றார். அது பணியாளர்களின் ஜன்னல். மதியம் யாரோ சொல்லி, சரியான ஜன்னலுக்கு வந்தபோது அதை மூடிவிட்டார்கள். மறுநாள் போக உடம்பில் தெம்பில்லை. அடுத்த வாரம் அம்மா இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார்களே என்று ஊர் பேசியது. கேட்கக் கூச்சப்படுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியவில்லை.

அதனால் புதிதாக எந்த ஃபார்ம் செய்தாலும் அவர் முதலில் போட்டுப் பார்க்கும் பதிவு அம்மாவுடையதுதான். அம்மாவின் பெயர், வயது ஐம்பத்தொன்று. சலவைக்கூடத்தில் அம்மா துணி போட்டார், சாவி வாங்கினார், சிலிண்டர் எடுத்தார். அம்மா வழி தவறாமல் போய் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் போய் வரலாம் என்பது அவர் கணக்கு.

"பொணவறைக்குப் பண்றதுலயும் அவங்க பேரையா போடுவீங்க?" என்று மனைவி கேட்டார்.

"அங்கதான் முக்கியமா போடணும்," என்றார் அவர்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே இருந்தது. வெளியே ஒரு மேசை, உள்ளே பன்னிரண்டு குளிர்ப்பெட்டிகள். மேசையில் உட்கார்ந்திருந்தவரைப் பெரியக்கா என்பார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பத்தொன்பது வருஷமாக அங்கே வருகிறவர்களை வாங்கி வைத்து, உரியவர்களிடம் ஒப்படைத்து வந்தவர். கையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம், காதோரம் ஒரு சாக்பீஸ். பெட்டிக் கதவிலேயே எண்ணும் அடையாளமும் சாக்பீஸில் எழுதிவிடுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒருவரைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. தன்னைப் பற்றிப் பெருமையாக அவர் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். இன்னும் பதினான்கு மாதத்தில் ஓய்வு. அந்த நல்ல பெயரோடு வெளியே போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

பிணவறையும் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்று சூப்பிரண்டு உத்தரவு போட்டபோது பெரியக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. பட்டன்காரர் ஸ்டூலோடு போய்ச் சேர்ந்தார்.

"தம்பி, எனக்கு அஞ்சு பட்டன் போதும். ஆறாவதா ஒண்ணு வெச்சா நான் அதத்தான் அமுக்குவேன், சொல்லிட்டேன்."

அவர் ஐந்துதான் வைத்தார். புதுசா வந்தவர், தேடு, சேமி, சீட்டு, முதல் பக்கம். வலது மூலையில் மூடுகிற குறியை எடுத்துவிட்டார். மேலே இருந்த பட்டியல்களை எல்லாம் மறைத்தார். கடைசிக் கட்டத்தில் என்டர் தட்டினால் தானாக அடுத்த ஆளின் பதிவுக்குத் தாவுகிற கெட்ட பழக்கம் அந்த டேட்டாபேஸுக்கு உண்டு, அதையும் அடைத்தார். சீட்டு என்ற பட்டனை அமுக்கினால் ஒரு சின்னத் தாள் வரும். அதில் பெட்டி எண்ணும், காலில் கட்டியிருக்கும் அட்டையின் எண்ணும் மட்டும் பெரிதாக இருக்கும். வேறு ஒன்றும் கிடையாது. எழுத்து குறைவாக இருந்தால்தான் மனிதர்கள் படிப்பார்கள் என்பது அவருடைய கொள்கை. தள்ளுவண்டிக்காரர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பெட்டியைத் திறந்து, அட்டை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்து வருவார்.

இன்னொன்றையும் அவர் எடுத்தார். திரையின் அடியில் இது எத்தனையாவது பதிவு என்று காட்டும் ஒரு சின்ன வரி இருக்கும். முதல் வாரத்தில் பெரியக்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பதினேழாம் பெட்டின்னு போட்டிருக்கே தம்பி, இருக்கறதே பன்னெண்டுதானே? அஞ்சு பேர எங்க கொண்டுபோய் வெச்ச?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பட்டன்காரருக்குப் பகீரென்றது. பதினேழு என்பதால் சந்தேகம் வந்தது. அதுவே எட்டாக இருந்திருந்தால் எட்டாம் பெட்டியைத் திறந்திருப்பார்கள். அப்போது பெட்டியில் இருப்பவர்கள் மட்டும் திரையில் வரும்படி செய்து, அன்றே அந்த வரியையும் மறைத்துவிட்டார். அதைத் தன் கெட்டிக்காரத்தனங்களில் ஒன்றாக வீட்டில் சொல்லவும் செய்தார்.

பெரியக்கா பழகிவிட்டார். ஒற்றை விரலால், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு அமுக்குவார். ஆனாலும் நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. சீட்டு வந்த பிறகும் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். ஒருநாள் நோட்டில் இருந்ததும் சீட்டில் இருந்ததும் வேறாக இருந்தது. தேடிப் பார்த்ததில், அவர்தான் அவசரத்தில் நோட்டில் மாற்றி எழுதியிருந்தார்.

"பாத்தீங்களாக்கா," என்றார் பட்டன்காரர். "இனிமே சந்தேகம் வந்தா சீட்ட நம்புங்க. உங்கள நம்பாதீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பெரியக்கா அதை அப்படியே மனதில் முடிந்துகொண்டார். அதன்பின் நோட்டு மேசை இழுப்பறைக்குள் போனது. கொஞ்ச நாளில் சாக்பீஸும் போனது.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் சூப்பிரண்டு பரபரத்தார். திரையின் பக்கவாட்டில், யார் எந்தப் பெட்டியில் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருந்தது. ஒருவரின் விவரத்தைச் சேமித்தாலும், ஃபார்மை மூடித் திறந்தால்தான் பட்டியலில் மாற்றம் தெரியும். "அமுக்கின உடனே மாறணும்ப்பா. வர்றவங்க முன்னாடி நம்ம மானம் போகக் கூடாது," என்றார். திங்கட்கிழமை மதியம் பட்டன்காரர் சேமி என்ற பட்டனுக்குப் பின்னால் ஒரே ஒரு வரி சேர்த்தார். சேமித்ததும் எல்லாவற்றையும் திரும்பப் புதிதாக எடுத்து வா என்பது அந்த வரியின் பொருள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வழக்கம்போல அம்மாவை வைத்துச் சோதித்தார். அம்மாவின் பெட்டி எண்ணைப் போட்டார், சேமித்தார், பட்டியல் உடனே மாறியது. சீட்டு அமுக்கினார், அம்மாவின் எண் வந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார். செவ்வாய்க்கிழமை பிணவறையில் ஒரே ஒருவர் இருந்தார். அவரையும் சரியாகவே ஒப்படைத்தார்கள்.

புதன்கிழமை ஒரு கிடங்கு எரிந்தது. பதினொரு பேர் வந்தார்கள். முதல் பெட்டி பழுது, மற்ற பதினொன்றும் நிறைந்தன. முகத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. எல்லோரையும் துணியால் சுற்றிக் கட்டி, அவரவர் உடம்பிலிருந்து எடுத்த பொருள்களை எண் போட்ட பைகளில் வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குப் பைகளை மட்டும் காட்டுவது, கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள்.

வியாழக்கிழமை காலை முதல் குடும்பம் வந்தது. வயதான அப்பாவும் இரண்டு மகன்களும். ஒரு கைக்கடிகாரத்தைப் பார்த்து, தங்கள் தம்பிதான் என்றார்கள் மகன்கள். ஒன்பதாம் பெட்டிக்காரர். பெரியக்கா அந்தப் பதிவைத் தேடி எடுத்து, பெயரையும் உறவையும் நிதானமாக அடித்து, சேமி அமுக்கினார். பிறகு சீட்டு அமுக்கினார். சீட்டில் பெட்டி எண் இரண்டு என்று வந்தது. இரண்டாம் பெட்டியில் இருந்தவரின் அட்டை எண்ணும் கூடவே சரியாக வந்தது. தள்ளுவண்டிக்காரர் இரண்டைத் திறந்தார், அட்டையைப் பார்த்தார், சீட்டோடு பொருந்தியது, எடுத்து வந்து கொடுத்தார். அவர்கள் கொண்டுபோய் மதியத்துக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு கைக்குழந்தை. இடுப்பு வாரின் கொக்கியைப் பார்த்துக் கணவன்தான் என்றாள். அவன்தான் உண்மையில் இரண்டாம் பெட்டிக்காரன். சீட்டும் இரண்டு என்று வந்தது. இரண்டாம் பெட்டி காலியாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் விவரிக்க மனம் வரவில்லை. பெரியக்கா அந்தக் காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார் என்று தள்ளுவண்டிக்காரர் பிற்பாடு சொன்னார். மறுநாள் உத்தரவு வாங்கி மண்ணைத் தோண்டினார்கள். அந்தப் பெண் குழந்தையோடு அங்கேயே நின்றிருந்தாள், யார் சொல்லியும் நகரவில்லை. பிணவறைக் கம்ப்யூட்டரை அன்றே மூடிவிட்டு மீதிப் பேரைக் கையெழுத்தில் ஒப்படைத்தார்கள். பெரியக்காவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

பட்டன்காரருக்கு முதலில் வந்தது கோபம். தன் ஐந்து பட்டன்களில் எங்கே ஓட்டை இருக்க முடியும்? ஓட்டை இல்லை என்று நிரூபிக்கத்தான் சனிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்தார். அம்மாவின் பதிவு இருந்தது. ஒருவர் போதாது என்று தன் பெயரையும் சேர்த்தார், பெட்டி எண் இரண்டு. தன் பதிவைத் தேடி எடுத்து, சேமித்து, சீட்டு அமுக்கினார். அம்மாவின் சீட்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பச் செய்தார். அம்மாதான் வந்தார். மனைவியின் பெயரைப் போட்டுப் பார்த்தார். அம்மாதான். எல்லாவற்றையும் புதிதாக எடுத்து வா என்று சொன்னால் அந்த டேட்டாபேஸ் சொன்னபடி எடுத்து வந்து, சத்தம் போடாமல் முதல் ஆளிடம் போய் நின்றுகொள்ளும். இருந்த இடத்துக்குத் திரும்பி வா என்று இன்னும் இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். நாலு மாதம் படித்தவருக்கும் அது தெரிந்த விஷயம்தான். ஒரே ஒரு அம்மாவை வைத்துச் சோதித்தால், முதல் ஆளும் அவர்தான், கடைசி ஆளும் அவர்தான். அங்கே வழி தவற இடமே இல்லை. எத்தனையாவது பதிவு என்று காட்டும் அந்த வரி அடியில் இருந்திருந்தாலாவது ஒன்று என்று மாறியது கண்ணில் பட்டிருக்கும். அதைப் பிடுங்கி எறிந்தவரும் அவரேதான்.

மனைவியிடம் சொன்னார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நெரந்தரமாகி எட்டு மாசம்தானே ஆகுது," என்றார் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், சரிபார்க்க வேண்டும் என்று சாவி வாங்கி, பிணவறைக் கம்ப்யூட்டரைத் திறந்து, விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினார். பத்து நிமிஷ வேலை. இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மை என்றால், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை இருந்தது.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. விசாரணை அதிகாரி, சூப்பிரண்டு, தட்டச்சு செய்ய ஒரு பெண். தள்ளுவண்டிக்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"சீட்டு வந்ததும் அக்கா 'ரெண்டா? ஒம்பதுன்னுல்ல நெனச்சேன்'னாங்க. அப்புறம் 'இல்ல இல்ல, சீட்டு சொல்றதுதான் சரி'ன்னு குடுத்தாங்க சார்."

"ஆக, குழப்பத்துல இருந்திருக்காங்க," என்றார் அதிகாரி. தட்டச்சுப் பெண் அதையும் அடித்தாள். அந்த ஒன்பதுதான் அந்த அறையில் இருந்த ஒரே சரியான விஷயம்.

அவர் முறை வந்தது. "உங்க சாஃப்ட்வேர்ல ஏதாவது பிழை இருக்கா?"

"இல்ல சார்," என்றார். அதற்கு முன்னால் வர வேண்டிய இப்போது என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார்.

"அப்ப எப்படி மாறும்?"

"எதை எடுத்து வெச்சு அமுக்கறாங்களோ... அதுதான் சார் வரும்."

அதிகாரி பதினொரு பதிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. சூப்பிரண்டு பட்டன்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பெரியக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். தப்பாக அமுக்கினீர்களா என்றார்கள். "அமுக்கியிருப்பேன் சார். நான்தானே அமுக்கினேன். வேற யாரு அமுக்குவா?" என்றார். கவனக்குறைவால் தவறான பதிவைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியிருந்த தாளை நீட்டினார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டன்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். பேனா எழுதாமல் திணறியபோது தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

வெளியே வராந்தாவில் பெரியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மேல ஒண்ணும் வரலியே தம்பி? நீ கஷ்டப்பட்டுப் பண்ணினத நான் கெடுத்துட்டேன்டா."

அவர் கையை விடுவித்துக்கொண்டு பதிவறைக்குப் போனார்.

ஒரு மாதம் போனது. மனிதர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், பேசினவர்களுக்குப் பதில் சொன்னார். ஆனால் பதிவறையில் ஒரு கோப்பைத் தேடிப் போனால் அங்கேயே நின்றுவிடுவார். பெரியக்கா அந்தக் குழந்தைக்காரப் பெண்ணின் வீட்டுக்குத் தேடிப்போய்க் காலில் விழுந்தார் என்றும், அவள் கதவைச் சாத்திவிட்டாள் என்றும் யாரோ சொன்னார்கள். அது காதில் விழுந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

பிணவறை மேசைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். பட்டன்காரர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் பயந்து பயந்து கேட்டாள்: "சார், எனக்கு ஒண்ணு தோணுது, சீட்டுல வேற ஒண்ணு வருதுன்னா நான் என்ன பண்றது?"

"சந்தேகம் வந்தா..." என்று ஆரம்பித்தார். எழுந்து வெளியே போய், ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் நின்று வாந்தி எடுத்தார். அன்று மாலையே மகளின் லேப்டாப்பை எடுத்து, வீட்டில் இருந்த பழைய பிரதியை, அந்த ஒற்றை வரி அப்படியே இருந்த பிரதியை, அதில் ஏற்றினார். கிடங்கிலிருந்து வந்த பதினொரு பேரையும் அதே பெட்டி எண்களோடு அடித்தார். முதன்முறையாக அம்மாவின் பதிவை அழித்தார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றார்.

"போங்க," என்றார் மனைவி. "நீங்க போகலன்னா நானே போயிருப்பேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரே அறை. கட்டில் மேல் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. வேலைக்குக் கட்டிப்போகும் வெளிர் நீலப் புடவைகள் தனியாக ஒரு பையில் இருந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"வா தம்பி. என்னடா இப்படி எளச்சிட்ட?"

பட்டன்காரர் லேப்டாப்பைத் திறந்து ஸ்டூல் மேல் வைத்தார். அதே ஐந்து பட்டன்கள். பெரியக்கா பின்னால் நகர்ந்தார்.

"நான் தொடமாட்டேன். போதும்டா சாமி."

"ஒரே ஒரு தடவக்கா. ஒம்பதாம் பெட்டிய எடுங்க."

கெஞ்சின பிறகு உட்கார்ந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தேடினார். ஒன்பது வந்தது. சேமி அமுக்கினார். திரை ஒரு சிமிட்டு சிமிட்டியது. சீட்டு அமுக்கினார். தாள் இல்லாததால் சீட்டு திரையிலேயே வந்தது, பெரிய எழுத்தில். இரண்டு.

"மறுபடியும் தப்பா அமுக்கிட்டேன் பாரு."

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் அமுக்கினீங்க. அதுதான் தப்பாப் போகுது. நான் சேத்த ஒரு வரியால. சேமிச்சதும் அது மொத ஆளுகிட்ட ஓடிடுது."

பெரியக்கா நம்பவில்லை. தன்னைக் காப்பாற்ற ஏதோ நாடகம் ஆடுகிறான் என்று நினைத்தார். ஐந்தாம் பெட்டியை எடுத்து அமுக்கினார். இரண்டு. பன்னிரண்டை எடுத்தார். இரண்டு. பிறகு அவரை நிமிர்ந்தே பார்க்காமல், மூன்றிலிருந்து வரிசையாக ஒவ்வொருவராக எடுத்து, பெயரைப் படித்து, சேமித்து, சீட்டு அமுக்கினார். ஒவ்வொரு முறையும் இரண்டு. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். கடைசியாகத் திரும்பவும் ஒன்பதுக்கு வந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஒம்பதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாக்கா."

"என் வாயில வந்துச்சு. வந்தத நானே முழுங்கினேன். நீ சொன்னியேன்னு முழுங்கினேன். சீட்ட நம்பு, உன்ன நம்பாதேன்னு."

பெரியக்கா அழவில்லை. அழுதிருந்தால் பட்டன்காரர் அவர் காலில் விழுந்திருப்பார்.

"உனக்கு எப்ப தெரியும் இது?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. நேற்று என்று சொன்னால் போதும்.

"ரெண்டு நாள்லயே தெரியும். அந்த சனிக்கெழமையே."

பெரியக்கா மனதுக்குள் நாள்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. சனி, ஞாயிறு, திங்கள்.

"நான் கையெழுத்துப் போட்டப்போ நீதானே பேனா குடுத்த?"

"ஆமாக்கா."

பெரியக்கா லேப்டாப்பை மெதுவாக மூடிப் பட்டன்காரர் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்க்கா. எல்லாத்தையும். நான் மறச்சதையும் சேத்து."

"குடு. அந்தப் பொண்ணுகிட்டயும் போய்ச் சொல்லு. அவ என் மூஞ்சியப் பாத்துக் கதவச் சாத்தினா. நான்தான் அவ புருஷன மாத்திக் குடுத்தேன்னு நானே அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சொல்லிட்டு, அப்புறம் இந்தப் பக்கம் வராத."

அவர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யார் மேல கோவப்படணும்னு மாத்தி மாத்திச் சொல்றீங்க," என்றாள். சூப்பிரண்டு, முடிந்துபோன விஷயத்தைக் கிளறுகிறாயே என்று குதித்தார். ஐந்து மாதம் இழுத்தார்கள். கடைசியில் அவருடைய நிரந்தரத்தைப் பறித்துப் பழையபடி தற்காலிகம் ஆக்கினார்கள். அவர் செய்த ஃபார்ம்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சலவைக்கூடத்து அம்மாவுக்குத் திரும்பவும் நாற்பது கட்டம் வந்தது. பெரியக்காவின் பேரில் குற்றமில்லை என்று ஒரு பக்க உத்தரவு போட்டார்கள். வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். அவர் வரவில்லை.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும் தபாலில் திரும்பி வந்து, பதிவறை மேசைக்கு, பட்டன்காரர் கைக்கே வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட விட்டிருந்த இடத்தில் பெரியக்கா கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, ஒன்றும் எழுதக் கூடாத வெற்றிடத்தில், ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்பதாம் பெட்டி என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு துளை போட்டு, கோப்பில் சேர்த்துக் கட்டினார்.